சிறுவர் கால்பந்தாட்டத்தில் பயிற்சியாளர் ஒழுங்கீனம்: நடுவர் கையாள வேண்டிய முறை

சிறுவர் கால்பந்தாட்டத்தில் பயிற்சியாளர் ஒழுங்கீனம் என்பது, களத்தின் ஓரத்தில் நின்று அணியை நடத்தும் பெரியவர் ஒருவர் நடுவரையோ எதிரணியினரையோ தம் அணிப் பிள்ளைகளையோ சொல்லாலும் செயலாலும் அவமதிப்பதையும் அச்சுறுத்துவதையும் ஆட்டத்துக்கு இடையூறு செய்வதையும் குறிக்கும். தீர்ப்பை எதிர்த்துக் கத்துவது, தண்ணீர்ப் புட்டியை உதைப்பது, கிண்டலாகக் கைதட்டுவது முதல் நடுவரை அடிப்பது வரை எல்லாம் இதில் அடங்கும். நடுவரும் போட்டியை நடத்தும் அமைப்பும் இதனை எப்படிக் கையாள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆட்ட விதிகள் உலகம் முழுவதற்கும் ஒன்றே. பிற ஏற்பாடுகள் நாட்டுக்கு நாடு மாறுபடும் என்பதால், இங்கு இங்கிலாந்தின் அடித்தளக் கால்பந்து முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

நடுவரும் ஒரு பிள்ளையாக இருக்கலாம்

இங்கிலாந்தில் 14 வயது நிரம்பியவர் நடுவர் பயிற்சி பெற்றுச் சிறுவர் ஆட்டங்களை நடத்தலாம். வார இறுதிக் காலை வேளைகளில் பூங்காக்களிலும் பள்ளித் திடல்களிலும் நடக்கும் ஆட்டங்களில், தம்மைவிட வயதில் குறைந்த பிள்ளைகளுக்கு இத்தகைய இளம் நடுவர்கள் விசில் ஊதுவது வழக்கமான காட்சி. தொழில்முறை ஆட்டத்தில் உள்ளதுபோல் பயிற்சியாளர்களைக் கவனிக்க நான்காவது நடுவர் இங்கு இல்லை. பக்கக்கோட்டில் கொடி பிடிப்பவரும் பல நேரங்களில் ஏதோ ஓர் ஆட்டக்காரரின் தந்தையாகவே இருப்பார். நடுவர் களத்தில் தனி ஆள்.

எதிரே நிற்கும் பயிற்சியாளரும் சம்பளம் வாங்குபவர் அல்லர். பெரும்பாலும் தன்னார்வலர்; அவருடைய மகனோ மகளோ அதே அணியில் ஆடிக்கொண்டிருக்கலாம். ஆட்ட விதிகளைத் தொலைக்காட்சி பார்த்துத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 7, 8 வயதுப் பிரிவு ஆட்டங்களின் முடிவுகளை வெளியிடுவதே இல்லை. புள்ளிப் பட்டியலும் கிடையாது. எங்கும் பதிவாகாத ஒரு கோலுக்காகவும் பெரியவர்கள் தொண்டை வற்றக் கத்துகிறார்கள் என்பதை அத்தகைய திடலுக்குப் போய்ப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்கும் பிள்ளை, இந்த ஒரு மணி நேரம் மட்டும் பெரியவருக்கு ஆணையிட வேண்டியிருக்கிறது. “தைரியமாக இரு” என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது எளிது. ஆனால் தைரியம் ஆளுக்கு ஆள் மாறுபடும். மனநிலை எப்படி இருந்தாலும் பின்பற்றக்கூடிய படிமுறை ஒன்றை முன்கூட்டியே கையில் கொடுப்பதே பயன்தரும்.

விதிகள் தரும் அதிகாரம்

கால்பந்தின் ஆட்ட விதிகளை வகுப்பது 1886இல் தொடங்கப்பட்ட சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம். இதனை ஐஎஃப்ஏபி என்று சுருக்கமாகக் குறிப்பிடுவர். பொறுப்பின்றி நடந்துகொள்ளும் பயிற்சியாளரைக் களத்தின் சுற்றுப்புறத்திலிருந்தே வெளியேற்றும் அதிகாரம் நடுவருக்கு முன்பிருந்தே உண்டு. ஆனால் மஞ்சள், சிவப்பு அட்டைகளை ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே காட்ட முடிந்தது. 2019 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிமாற்றம், பயிற்சியாளர் உள்ளிட்ட அணி அலுவலர்களுக்கும் அட்டை காட்ட வழிசெய்தது. சோதனைக் காலத்தில் இம்முறை எல்லா நிலைகளிலும் பயனளித்தது என்றும், முரண்டுபிடிக்கும் பெரியவர்களை எதிர்கொள்ளும் இளம் நடுவர்களுக்கும் உதவியது என்றும் ஐஎஃப்ஏபி தன் விளக்கத்தில் குறிப்பிட்டது.

இந்த மாற்றத்தின் பயன் எளிதில் விளங்கும். அட்டை என்பது பேச வேண்டிய தேவையைக் குறைக்கிறது. 15 வயது நடுவர் 45 வயதுக்காரரிடம் வாதிட்டு வெல்ல முடியாது, வெல்லவும் தேவையில்லை. அட்டையை உயர்த்தினால் அதன் பொருள் திடலில் உள்ள அனைவருக்கும் தெரியும், பயிற்சியாளருக்குப் பின்னால் நிற்கும் பெற்றோருக்கும் சேர்த்து.

அணி அலுவலர்களின் தவறுகளை விதி எண் 12 மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதற்படியில் எச்சரிக்கை மட்டும் போதும். தீர்ப்பு குறித்து இலேசாக அதிருப்தி காட்டுவது, எப்போதாவது தமக்குரிய பகுதியைத் தாண்டி வருவது, சச்சரவு நோக்கமின்றிக் களத்துக்குள் நுழைவது போன்றவை இதில் சேரும். இரண்டாம் படிக்கு மஞ்சள் அட்டை. சொல்லாலோ செயலாலோ வெளிப்படையாக எதிர்ப்புக் காட்டுவது, புட்டி முதலியவற்றை எறிவது அல்லது உதைப்பது, கிண்டல் கைதட்டல், எதிரணி ஆட்டக்காரருக்கு அட்டை காட்டும்படி மீண்டும் மீண்டும் சைகை செய்வது, தம் அணி ஆட்டத்தை மீண்டும் தொடங்குவதைத் தாமதப்படுத்துவது ஆகியவை இவ்வகை. முதற்படித் தவறுகளையே திரும்பத் திரும்பச் செய்தாலும் மஞ்சள் அட்டைதான்.

மூன்றாம் படி சிவப்பு அட்டை. வசைமொழி, இழிவுபடுத்தும் பேச்சு அல்லது சைகை, நடுவரை எதிர்த்துக் கேட்பதற்காகக் களத்துக்குள் வருவது, பொருளைக் களத்துக்குள் எறிவது, எதிரணி ஆட்டத்தைத் தொடங்கவிடாமல் பந்தைப் பிடித்துவைத்துக்கொள்வது, உடல்ரீதியான தாக்குதல், துப்புதல் ஆகியவற்றுக்கு முன்னெச்சரிக்கை எதுவும் தேவையில்லை. ஒரே ஆட்டத்தில் இரண்டாவது மஞ்சள் அட்டை பெற்றாலும் வெளியேற வேண்டியதுதான். இடைவேளையிலும் ஆட்ட முடிவிலும் களத்துக்குள் வந்து நடுவரை மறிப்பதும் இதே வகைக் குற்றம். பலருக்குத் தெரியாத செய்தி இது. முடிவு விசில் ஊதியதும் நடுவரின் அதிகாரம் போய்விடுவதில்லை. அவர் களத்தை விட்டு நீங்கும்வரை அட்டை காட்டலாம்.

அதே மாற்றத்தில் வந்த இன்னொரு விதி சிறுவர் ஆட்டங்களுக்கு மிகவும் ஏற்றது. தவறு செய்தவர் இன்னார் என்று அடையாளம் காண முடியாவிட்டால், அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளரே அந்தத் தண்டனையை ஏற்க வேண்டும். நடுவர் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு வசைமொழி கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் நான்கு பேர் அப்பாவிகளாக நிற்கிறார்கள். முன்பெல்லாம் அதோடு விஷயம் முடிந்துவிடும். இப்போது மூத்தவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதால், உதவியாளர்களை அடக்கிவைக்கும் வேலையை அவரே பார்த்துக்கொள்கிறார்.

எதிர்ப்புக் காட்டும் ஆட்டக்காரரைச் சிறிது நேரம் வெளியே உட்காரவைக்கும் முறை 2019-20 பருவம் முதல் இங்கிலாந்தின் அடித்தளக் கால்பந்தில் உள்ளது. அது ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே உரியது. பயிற்சியாளரைப் ‘பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள்’ என்று அனுப்ப விதியில் இடமில்லை.

ஆட்டம் தொடங்கும் முன்

நடுவர் சற்று முன்னதாக வந்து இரு பயிற்சியாளர்களையும் தனித்தனியே சந்தித்துப் பெயர் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. அணியின் பொறுப்பாளர் யார், முதலுதவி யார் செய்வார், அவசரமென்றால் இன்னொரு பெரியவர் இருக்கிறாரா என்ற மூன்று கேள்விகள் போதும். கேட்பது மரியாதைக்காகத் தோன்றினாலும், பின்னால் அட்டை காட்ட நேர்ந்தால் பெயர் கேட்டு நிற்க வேண்டியதில்லை. பெயர் தெரிந்த ஒருவரிடம் கத்துவதற்கும் மனிதர்கள் சற்றுத் தயங்குவார்கள்.

பயிற்சியாளர் நிற்க வேண்டிய பகுதியை விதி எண் 1 வரையறுக்கிறது. இருக்கைகளுக்கு இருபுறமும் 1 மீட்டர், முன்பக்கம் பக்கக்கோட்டுக்கு 1 மீட்டர் முன்பு வரை அப்பகுதி நீளும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட்ட உத்திகளைச் சொல்லலாம். பூங்காத் திடலில் இருக்கையும் இராது, கோடும் இராது. நான்கு அடையாளக் கூம்புகளை வைத்து எல்லை காட்டிவிட்டால் பாதிச் சச்சரவு குறையும். எல்லை கண்ணுக்குத் தெரியாதபோது அதைத் தாண்டியதாக யாரையும் கண்டிக்க முடியாது.

ஆட்டத்தின்போது

அமெரிக்க நடுவர் பயிற்சியில் ‘கேள், சொல், வெளியேற்று’ என்றொரு படிமுறை நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. முதலில் நடத்தையை நிறுத்தும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். தொடர்ந்தால் நிறுத்தும்படி உறுதியாகச் சொல்ல வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் வெளியேற்ற வேண்டும். அட்டைகள் வந்த பிறகும் இதன் அடிப்படை மாறவில்லை. முதற்படி எச்சரிக்கையாகவும் இரண்டாவது மஞ்சளாகவும் மூன்றாவது சிவப்பாகவும் ஆகின்றன. வசையும் தாக்குதலும் மட்டும் படியேறி வர வேண்டியதில்லை. நேரே மூன்றாம் படிக்குப் போகலாம்.

நடைமுறையில் இளம் நடுவர்கள் தவறுவது முதற்படியில்தான். முதல் கூச்சலைக் கேட்டும் கேளாததுபோல் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது, மூன்றாவது கூச்சலையும் விடுகிறார்கள். அதற்குள் எதிரணிப் பயிற்சியாளர், ‘அவர் கத்தலாம், நான் கத்தக்கூடாதா’ என்று தாமும் தொடங்குகிறார். பெற்றோர் சேர்ந்துகொள்கிறார்கள். அரைமணி நேரம் பொறுத்துக்கொண்டிருந்த நடுவர் ஒரு கட்டத்தில் பொறுமை இழந்து சிவப்பு அட்டையை எடுக்கும்போது, அது திடீர்க் கோபம்போல் எல்லோருக்கும் தோன்றுகிறது. உண்மையில் அந்தப் பயிற்சியாளருக்குத் தம் எல்லை எது என்று அதுவரை யாரும் சொல்லவே இல்லை. சிறிய தவறைச் சிறியதாக இருக்கும்போதே, தாழ்ந்த குரலில், முதல் பத்து நிமிடங்களுக்குள் கண்டிப்பது பின்னால் வரும் பெரிய தவறைத் தடுக்கும்.

கண்டிக்கும் முறையும் முக்கியம். பந்து வெளியே போகும்வரை காத்திருந்து, ஆட்டம் நின்றிருக்கும்போது, பயிற்சியாளரை நோக்கி நடந்து செல்ல வேண்டும். ஓடிச் சென்றால் சண்டைக்குப் போவதுபோல் இருக்கும்; அவரைக் கை காட்டி அழைத்தால் அவர் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வார். கைக்கெட்டாத இடைவெளி விட்டு நின்று, “உங்கள் கருத்து எனக்குக் கேட்டது. இனி ஒவ்வொரு தீர்ப்புக்கும் கருத்துச் சொல்ல வேண்டாம், பிள்ளைகளைக் கவனியுங்கள்” என்பதுபோல் இரண்டு வாக்கியம் பேசிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். பதில் சொல்ல அவர் வாயெடுக்கும்போது அங்கே நிற்கக் கூடாது. நின்றால் அது விவாதமாகிவிடும், விவாதத்தில் வயதே வெல்லும்.

தீர்ப்பை விளக்க முற்படுவதும் பலருக்கு நேரும் தவறு. “அது ஏன் ஆஃப்சைடு?” என்று பயிற்சியாளர் ஒருமுறை கேட்டால், “பந்து உதைக்கப்பட்டபோது அவர் முன்னால் இருந்தார்” என்று ஒரு வரியில் சொல்லலாம். கேள்வி கேட்பது ஒழுங்கீனம் அன்று. எல்லாவற்றுக்கும் முறைத்துக்கொள்ளும் நடுவரும் சிக்கலை வளர்ப்பவரே. அதே கேள்வி நான்காம் முறை, பெற்றோருக்கும் கேட்கும்படி, இரு கைகளையும் விரித்துக்கொண்டு கேட்கப்படும்போதுதான் அது எதிர்ப்பாக மாறுகிறது. இந்த வேறுபாட்டை எந்த விதிநூலும் முழுமையாக எழுதித் தர முடியாது. ஆட்டங்களை நடத்தித்தான் பழக வேண்டும்.

நடுவரின் தீர்ப்பே தவறாக இருந்தால்? அப்படியும் நடக்கும். இடைவேளையில் “அந்தக் கார்னர் நான் தவறாகக் கொடுத்துவிட்டேன்” என்று ஒப்புக்கொள்வதால் நடுவரின் மதிப்புக் குறையாது. ஆனால் தவறான தீர்ப்பு வசைமொழிக்கு உரிமம் ஆகாது. தாம் தவறு செய்துவிட்டோம் என்ற குற்றவுணர்வில் அட்டையைப் பையிலேயே வைத்துக்கொள்ளும் நடுவர், அடுத்த வாரம் அதே பயிற்சியாளரிடம் மாட்டும் இன்னொரு நடுவருக்குத்தான் தீங்கு செய்கிறார்.

தம் அணிப் பிள்ளையையே திட்டினால்

நடுவரைத் திட்டினால் மட்டுமே அட்டை என்று பலர் எண்ணுகின்றனர். இழிவான அல்லது வசையான மொழி யாரை நோக்கிச் சொல்லப்பட்டாலும் குற்றமே. கோல் வாய்ப்பைத் தவறவிட்ட பத்து வயதுச் சிறுமியை அவளுடைய பயிற்சியாளரே ஆபாசச் சொல்லால் ஏசினால், நடுவர் சிவப்பு அட்டை காட்டலாம். ‘அவர் அணி, அவர் பிள்ளைகள்’ என்று ஒதுங்க வேண்டியதில்லை.

அட்டை காட்டும் அளவுக்குப் போகாத, ஆனால் மனத்தை உறுத்தும் நடத்தைகளும் உண்டு. அழும் பிள்ளையை எல்லார் முன்னிலையிலும் கேலி செய்வது, தலையில் அடிபட்ட பிள்ளையை வற்புறுத்தி ஆடவைப்பது போன்றவை. இரண்டாவதில் நடுவர் உடனே தலையிட வேண்டும். கடுமையான காயம் என்று தோன்றினால் ஆட்டத்தை நிறுத்தி ஆட்டக்காரரை வெளியேறச் செய்வது அவருடைய கடமை. முதலாவதை ஆட்டம் முடிந்தபின் உரியவரிடம் தெரிவிக்கலாம். இங்கிலாந்தில் சிறுவர் அணி வைத்திருக்கும் ஒவ்வொரு கழகத்திலும் பிள்ளைகளின் நலனுக்கென ஓர் அலுவலர் இருக்க வேண்டும். வட்டாரச் சங்கத்திலும் அதற்கென ஒருவர் உண்டு. அமெரிக்காவில் 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, விளையாட்டு அமைப்புகளில் உள்ள பெரியவர்கள் பிள்ளைகள் மீதான வன்கொடுமை குறித்த சந்தேகத்தை 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். உண்மையா என்று துப்புத் துலக்குவது நடுவரின் வேலை அன்று. கண்டதைச் சொன்னால் போதும்.

வெளியேற்றிய பிறகு

சிவப்பு அட்டை பெற்ற பயிற்சியாளர் தம் பகுதியை விட்டு மட்டுமல்ல, களத்தின் சுற்றுப்புறத்தை விட்டே நீங்க வேண்டும். மரத்தடியில் போய் நின்றுகொண்டு அங்கிருந்து கத்துவது வெளியேறியதாகாது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தொலைவு என்பதே நடைமுறை அளவுகோல். அவர் போகும்வரை ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது.

பெரியவர் ஆட்டத்தில் எழாத ஒரு சிக்கல் இங்கே எழுகிறது. அந்த அணிக்கு அவர் ஒருவர்தான் பெரியவர் என்றால், பிள்ளைகளை யார் பொறுப்பில் விடுவது? பொறுப்பான பெரியவர் இல்லாமல் சிறுவர் ஆட்டத்தைத் தொடர்வது பாதுகாப்பானதன்று. முதலில் உதவிப் பயிற்சியாளரையோ, கழகத்தின் அனுமதி பெற்ற வேறு பெரியவரையோ பொறுப்பேற்கச் சொல்ல வேண்டும். யாரும் இல்லையென்றால் ஆட்டத்தைக் கைவிட வேண்டியதாகும். வெளியேற்றியவரையே ‘பேசாமல் நில்லுங்கள்’ என்று நிற்கவைப்பது அட்டையைப் பொருளற்றதாக்கிவிடும். ஆட்டத்துக்கு முன் ‘இன்னொரு பெரியவர் இருக்கிறாரா’ என்று கேட்டது இதற்காகத்தான். அணியின் மருத்துவப் பொறுப்பாளருக்கு மட்டும் விதியில் ஒரு விலக்கு உண்டு. அவர் சிவப்பு அட்டை பெற்றாலும், மாற்று மருத்துவப் பொறுப்பாளர் இல்லையென்றால் அங்கேயே இருந்து தேவைப்படும்போது சிகிச்சை தரலாம்.

பயிற்சியாளர் போக மறுத்தால் நடுவர் கெஞ்சவோ மிரட்டவோ வேண்டாம். நியாயமான அவகாசம் கொடுத்து, அணித்தலைவர் மூலமோ கழக அலுவலர் மூலமோ செய்தி சொல்லி, பின்னும் நகராவிட்டால் ஆட்டத்தை முடித்துக்கொண்டு வந்துவிடலாம். விதி எண் 7இன்படி, கைவிடப்பட்ட ஆட்டத்தை மீண்டும் நடத்துவதே பொது விதி. போட்டி அமைப்பின் விதிகள் வேறு விதமாகவும் முடிவு செய்யலாம். எப்படியாயினும் அது நடுவர் தீர்க்க வேண்டிய கவலை அன்று. பாதியில் ஆட்டம் நின்றதால் இருபது பிள்ளைகள் ஏமாந்து வீடு திரும்புவார்கள் என்பது மெய்தான். அந்த எண்ணமே பல நடுவர்களை முடிவெடுக்கவிடாமல் தடுக்கிறது. ஆட்டத்தை நிறுத்தியவர் வெளியேற மறுத்த பெரியவரே அன்றி நடுவர் அல்லர்.

பெற்றோருக்கு அட்டை கிடையாது. அவர்கள் கத்தினால் நடுவர் நேரடியாக மோதாமல், அந்த அணியின் பயிற்சியாளரிடம் சொல்லி அடக்கச் சொல்ல வேண்டும். 2008இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தொடங்கிய ‘ரெஸ்பெக்ட்’ இயக்கத்தின் பகுதியாக, பார்வையாளர்கள் பக்கக்கோட்டிலிருந்து விலகிக் கயிற்றுக்குப் பின்னால் நிற்கும் வழக்கம் பல திடல்களில் வந்தது.

அறிக்கை எழுதுதல்

திடலில் நடுவர் செய்வதைவிட வீட்டுக்குப் போய் அவர் எழுதுவதே நீண்டகால விளைவை உண்டாக்குகிறது. அட்டை அந்த ஆட்டத்தோடு சரி. தடை, அபராதம், கட்டாயப் பயிற்சி வகுப்பு ஆகியவற்றை முடிவு செய்வது வட்டாரச் சங்கம். அது அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அறிக்கை வராத சிவப்பு அட்டை நடக்காததற்குச் சமம்.

“பயிற்சியாளர் மிக மோசமாக நடந்துகொண்டார், என்னைக் கேவலப்படுத்தினார்” என்று எழுதினால் விசாரணைக் குழுவால் எதையும் செய்ய முடியாது. “52ஆம் நிமிடத்தில், பெனால்டி கொடுத்தபின், நீல அணியின் பயிற்சியாளர் சுமார் 15 மீட்டர் களத்துக்குள் நடந்து வந்தார். என்னிடமிருந்து இரண்டு அடி தொலைவில் நின்று, இன்ன சொற்களைக் கூறினார். சிவப்பு அட்டை காட்டினேன். ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் வெளியேறினார். எதிரணிப் பயிற்சியாளர் அருகில் இருந்தார்” என்று எழுதினால் வழக்கு தானே நிற்கும். சொன்ன கெட்ட வார்த்தையைப் புள்ளி வைத்து மறைக்காமல் அப்படியே எழுத வேண்டும். இளம் நடுவர்கள் கூச்சத்தால் இங்கே தயங்குகிறார்கள். ‘தகாத சொல்’ என்று மட்டும் இருந்தால் குற்றத்தின் கடுமையை யாராலும் அளவிட முடியாது. எத்தனை வாரம் தடை விதிக்கலாம் என்ற பரிந்துரை அறிக்கையில் இடம்பெறக் கூடாது. நடந்ததை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வதும் கூடாது. அது விசாரணையைக் கெடுக்கும். நினைவு மங்குவதற்குள், அன்றைய தினமே, திடலில் எழுதிய குறிப்புகளைக் கொண்டு அறிக்கையை முடித்துவிடுவது நல்லது.

அமைப்புகளின் பொறுப்பு

2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேர் நகரில், இளையோர் ஆட்டமொன்றில் கொடி பிடித்த 41 வயதுத் தன்னார்வலர் ஒருவர் ஆட்டம் முடிந்தபின் தாக்கப்பட்டு மறுநாள் உயிரிழந்தார். அவருடைய மகனும் அதே ஆட்டத்தில் ஆடியவன். தாக்கியவர்கள் எதிரணியின் இளைஞர்களும் அவர்களுள் ஒருவனின் தந்தையும். பயிற்சியாளர் செய்த குற்றம் அன்று அது. ஆயினும், கொடியோ விசிலோ பிடித்து நிற்கும் மனிதர் மீது கோபத்தைக் கொட்டலாம் என்ற எண்ணம் எங்கே போய் முடியும் என்பதை அந்நாடு அன்று கண்டது. அந்த வார இறுதியில் நெதர்லாந்துக் கால்பந்துச் சங்கம் நாடு முழுவதும் அமெச்சூர் ஆட்டங்கள் அனைத்தையும் ரத்து செய்தது. ஏழு பேர் மீது 2013இல் குற்றம் உறுதியாயிற்று.

அதன் பின்னர் பல நாடுகளில் நடுவர் பாதுகாப்பு தனிக் கவனம் பெற்றது. இங்கிலாந்தில் 2023 பிப்ரவரியில் மிடில்ஸ்பரோ பகுதியில் தொடங்கி, அடித்தளப் பெரியவர் ஆட்டங்களின் நடுவர்கள் உடலில் கேமரா அணியும் சோதனை நடந்தது. பல வட்டாரச் சங்கங்களில் 18 வயது நிரம்பாத நடுவர்கள் வண்ணக் கைப்பட்டை அணிகிறார்கள். எதிரே நிற்பது ஒரு சிறார் என்பதைக் கத்த வாயெடுப்பவருக்கு அது நினைவூட்டும். ஒரு பிள்ளையைப் பிள்ளை என்று அடையாளம் காட்டப் பட்டை தேவைப்படுகிறது என்பது சற்று வெட்கத்துக்குரியது என்றாலும், அதனால் பயன் உண்டு.

இவற்றைவிட மலிவான ஏற்பாடு ஒன்று உண்டு. புதிய நடுவரின் முதல் சில ஆட்டங்களில் அனுபவமுள்ள நடுவர் ஒருவர் பக்கக்கோட்டில் நிற்பது. அவர் தலையிட வேண்டியதே இல்லை. அவர் நிற்பது பயிற்சியாளருக்குத் தெரிந்தால் போதும். சிவப்பு அட்டை காட்டிய நாளில், திடலிலிருந்து வாகன நிறுத்தம் வரை அந்தப் பிள்ளையோடு நடந்து வருவதும், அன்று மாலை அறிக்கை எழுதும்போது தொலைபேசியில் துணையிருப்பதும் அவருடைய வேலை. விசாரணைக்கு நடுவர் நேரில் வர வேண்டியிருந்தால் பெற்றோர் உடனிருக்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் நேரடியாக அவரைக் குறுக்கு விசாரணை செய்ய இடம் தரக் கூடாது. முடிவு வந்ததும் அதை நடுவருக்கும் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விடும் அமைப்புகள் உண்டு. தாம் எழுதிய அறிக்கை என்ன ஆயிற்று என்றே தெரியாத 15 வயது நடுவர், அதே பயிற்சியாளர் மறுவாரம் வேறொரு திடலில் நிற்பதைப் பார்க்கும்போது, தடை முடிந்து வந்திருக்கிறாரா, தடையே இல்லையா என்று அவருக்கு விளங்காது. அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பு வரும்போது ‘பரீட்சை இருக்கிறது’ என்று அவர் சொல்லிவிடுவார்.